பாட்டு பாடுனா குழாயில தண்ணி வந்துருமான்னு கேக்குறாக, என்ன பதில் சொல்றது?

உப்புக்காத்து:

வணக்கம் எல்லாருக்கும். சாயல்குடிக்கு தெக்க கடலோரத்துல எங்க ஊரு, பேரு வேணாம். நான் காலேஜ் மூணாவது வருஷம். தம்பி ப்ளஸ் டூ முடிச்சிட்டு அப்பாகூட கடலுக்கு போறான், கரைக்கு வந்தா போனும் கையுமா உக்காந்து பீட் போட்டு ராப் எழுதுவான். அவன் எழுதுன ஒரு பாட்டாலதான் இந்த கேள்வியே.

எங்க ஊர்ல குடிதண்ணின்னா தள்ளுவண்டிதான். ராமநாதபுரத்துக்காரங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, மத்தவங்களுக்காக சொல்றேன், இரும்புக் கம்பிய வட்டம் வட்டமா வளைச்சு வெல்டிங் வச்சு எட்டு குடம் நிக்கிற மாதிரி ஒரு வண்டி. போர் போட்டா உப்பு, கூட்டுக் குடிநீர் குழாய்ல வாரத்துக்கு ரெண்டு நாளு வரும் சில வாரம் அதுவும் வராது, அதனால அம்மாவும் அத்தையும் விடியக்காலம் நாலரைக்கு வண்டிய எடுத்துட்டு ஊத்துக்கு போவாங்க, ரெண்டு கிலோமீட்டர். மணல்ல தோண்டுன குழி அது, அடியில ஊறி வர்ற தண்ணிய சிரட்டையில மோந்து மோந்து குடத்துல ஊத்தணும். போகும்போது காலிக்குடம் ஒன்னோட ஒன்னு மோதி கடகடன்னு ஒரு சத்தம் வரும். திரும்பி வரும்போது அந்த சத்தமே இருக்காது, மணல்ல சக்கரம் அரைபடுறதும் தள்ளுற ஆளோட மூச்சும் மட்டும்தான் கேக்கும். தம்பி இந்த ரெண்டு சத்தத்தையும் போன்ல ரெக்கார்ட் பண்ணி அதையே பீட்டா வச்சு பாட்டு போட்டான். நாலு நாள்ல நாப்பதாயிரம் பேரு பாத்துட்டாங்க. சிங்கப்பூர்ல இருந்து, துபாய்ல இருந்து எல்லாம் கமெண்ட், சூப்பர் தம்பி, கண்ணு கலங்கிருச்சுன்னு.

ஆனா ஊர்ல? மாமா ஒருத்தரு நேரா வந்து கேட்டாரு, ஏண்டா பாட்டு பாடுனா குழாயில தண்ணி வந்துருமாடான்னு. கேலிக்கு கேக்கல, நெசமாவே கேட்டாரு, அவரு பத்து வருஷமா இதுக்காக மனு எழுதி எழுதி ஓஞ்சு போன மனுஷன். தம்பி முகம் சுருங்கிருச்சு, எனக்கும் வாயே வரல.

அதனால இங்க கேக்குறேன். போராட்டப் பாட்டு, கட்சிப் பாட்டு, புரட்சிப் பாட்டு இதெல்லாம் எங்கயாவது எதையாவது நெசமாவே மாத்தியிருக்கா, இல்ல கேக்குறவங்களுக்கு ஒரு ஆறுதல், பாடுறவங்களுக்கு ஒரு பேரு அவ்வளவுதானா? மார்ச் 22 கிராம சபை வருது, அதுல பாடலாமான்னு ஒரு யோசனை இருக்கு. பறையோட பாடுனா நல்லா இருக்கும்னு தம்பி சொல்றான். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.


கரைவலை:

பாப்பா, நான் தொண்டிப் பக்கம், அறுபத்தி மூணு வயசு. உன் தம்பி பாட்ட கேட்டேன், நல்லா இருக்கு. ஆனா உன் மாமா கேட்டதும் நியாயமான கேள்விதான், அவர குறையா நினைக்காத.

நான் சின்னப் பயலா இருக்கையில கரைவலை இழுத்துருக்கேன். படகுல போயி வலைய வளைச்சு விட்டுட்டு வருவாக, ரெண்டு பக்கமும் கயிறு கரைக்கு வந்துரும், இந்தப் பக்கம் இருவது பேரு அந்தப் பக்கம் இருவது பேரு. ஒரு ஆளு அடி எடுத்துக் குடுப்பாரு, மத்தவக ஏலேலோன்னு வாங்குவாக, அதத்தான் அம்பான்னு சொல்றது. மொதல்ல மெதுவா போகும், மீன் சேர்ற மடி கரைய நெருங்க நெருங்க பாட்டும் வேகம் எடுக்கும். பாட்டு எங்க அழுத்துதோ அங்கதான் எல்லாரு கையும் ஒன்னா இழுக்கும், ஒரு ஆளு பிந்துனாலும் கயிறு தோள அறுத்துப்புடும். பாட்டு வலைய இழுக்காது பாப்பா, கைதான் இழுக்கும், ஆனா நாப்பது கைய ஒரே நேரத்துல இழுக்க வைக்கிறது பாட்டுதான்.

இன்னொன்னு சொல்றேன். அந்த அடி எடுத்துக் குடுக்குற பெரியவரு நடுவுல நடுவுல சம்மாட்டிய, அதான் வலைக்குச் சொந்தக்காரர, இழுத்து வச்சு பாடுவாரு, பங்குல எப்புடி கை வைக்கிறான், யாரு வீட்டுக்கு எத்தன ரூவா பாக்கின்னு. சம்மாட்டி அங்கனதான் கைலிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நிப்பாரு, காது கேக்கும், ஒன்னும் சொல்ல முடியாது, பாட்ட நிறுத்துனா வலை நின்னு போகும். எங்களுக்கு அதுல ஒரு சந்தோசம். ஆனா அத்தன வருசம் பாடியும் பங்கு கூடல. ஒரு சீசன்ல எல்லாரும் கயித்தத் தொடாம ரெண்டு நாளு மணல்ல உக்காந்தோம், அப்பத்தான் கூடுச்சு. அந்த ரெண்டு நாளும் யாரும் பாடல.

அதுக்கப்புறம் விசைப்படகு பெருகுச்சு, எங்க கரைவலை நின்னுச்சு, அம்பாவும் போச்சு. இப்ப என் பேரனுக்கு ஒரு அடி தெரியாது. அதனால நான் என்ன சொல்றேன்னா, மொதல்ல கயித்தப் புடிக்க ஆளு சேருங்க. பாட்டு தானா வரும்.


வடக்குத்தெரு:

கரைவலை அய்யா சொன்னதுல பாதிக்கு ஒத்துப்போறேன். மீதி பாதிய சொல்றேன்.

நான் கீழக்கரை. எங்க ஊர்ல 1944-ல பொறந்தவரு இன்குலாப், வீட்ல வச்ச பேரு சாகுல் அமீது. சென்னை நியூ காலேஜ்ல தமிழ் வாத்தியாரா இருந்தவரு, 1965 இந்தி எதிர்ப்புல மாணவரா நின்னவரு, அப்புறம் இடதுசாரி அரசியலுக்கு வந்து கடைசி வரைக்கும் அதுலயே நின்னவரு. 1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணி எல்லாருக்கும் தெரியும், கூலியா கொஞ்சம் நெல்லு கூடக் கேட்டு செங்கொடி பிடிச்ச சனங்க, குடிசைக்குள்ள வச்சு எரிச்சதுல 44 உசுரு, பொம்பளைகளும் குழந்தைகளும்தான் அதிகம். கடைசியா ஐகோர்ட்டுல நிலக்காரங்க விடுதலை ஆயிட்டாங்க. சட்டத்தப் பொறுத்தவரைக்கும் கதை அங்க முடிஞ்சு போச்சு. ஆனா சேரி மக்களோட கோபத்த இன்குலாப் எழுதுன 'மனுசங்கடா' முடிய விடல. அத ஊரு ஊரா தொண்டையில சுமந்துட்டுப் போனவரு கே.ஏ. குணசேகரன், இளையான்குடி பக்கம் மாறந்தைக்காரரு, அது அப்ப ராமநாதபுரம் ஜில்லாதான். அது புத்தகத்துல கவிதையா மட்டும் இருந்திருந்தா படிச்சவங்க நாலு பேரு பேசியிருப்பாங்க. மெட்டு போட்டு கூட்டத்துல பாடுனதால எழுதப் படிக்கத் தெரியாதவங்க அத தங்களோட பாட்டா எடுத்துக்கிட்டாங்க. எங்க வாப்பா சவுதியில இருந்தப்ப ரூம்ல இதோட கேசட் கிடந்துச்சாம், திருநெல்வேலிக்காரரு ஒருத்தரும் தஞ்சாவூர்க்காரரு ஒருத்தரும் சேந்து பாடிக்கிட்டே சோறு ஆக்குவாங்கன்னு சொல்லுவாங்க. ரெண்டு பேருமே 2016-லயே போயிட்டாங்க, குணசேகரன் ஜனவரியில, இன்குலாப் டிசம்பர்ல. அடுத்த வருஷம் இன்குலாபுக்கு சாகித்ய அகாடமி அறிவிச்சப்ப குடும்பம் வேணாம்னு சொல்லிருச்சு, அவரு இருந்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டாருன்னு.

அதனால கயிறு மொதல்ல, பாட்டு பின்னாலன்னு அவ்வளவு சுலபமா சொல்லிற முடியாது அய்யா. நாம கயிறு புடிக்கத் தகுதியான ஆளுதான்னே தெரியாம கிடந்தவங்களுக்கு அத சொன்னது பாட்டுதான்.

இப்ப உப்புக்காத்து தங்கச்சிக்கு ரெண்டு விஷயம், கோவிச்சுக்காதீங்க. தம்பி பாட்டுல ஊத்துக்கு போற எல்லா பொம்பளைகளும் ஒரே வரிசையில நிக்கிற மாதிரி இருக்கு. நெசமாவே அப்புடித்தானா? காலனியில இருந்து வர்ற வண்டி எந்த எடத்துல நிக்கும்? யாரு மோந்து முடிச்ச பிறகு அவங்க சிரட்டைய உள்ள விடணும்? எல்லா ஊர்லயும் இருக்குன்னு சொல்ல வரல, உங்க ஊர்ல இருந்தா அது பாட்டுல இருக்கணும், இல்லாட்டி பாதித் தாகத்ததான் பாடுறீங்க.

ரெண்டாவது பறை. சாவு வீட்டுக்கும் கோயில் கொடைக்கும் கூலியில்லாம கூப்பிட்ட எடத்துக்கு வந்து அடின்னு தலமொற தலமொறயா கட்டாயப்படுத்துன மோளம் அது. இனிமே சாவுக்கு அடிக்க மாட்டோம்னு சொன்னதே பல ஊர்ல பெரிய போராட்டம், அதுக்கு அடி வாங்கியிருக்காங்க, ஊர்விலக்கம் ஆகியிருக்காங்க. அதுக்கப்புறம் அதே பறைய இது எங்க கருவின்னு மேடையில நிமுந்து நின்னு அடிச்சாங்க. அதனால பாட்டுக்கு கெத்தா இருக்கும்னு காலனியில ஆள் கூப்பிட்டு அடிக்க சொல்லாதீங்க. மொதல்ல அவங்கள பாட கூப்பிடுங்க, எழுத கூப்பிடுங்க. பறை வேணுமா வேணாமான்னு அவங்க சொல்லட்டும்.


தேயிலைப்பூ:

மண்டபத்துல இருந்து எழுதுறேன். எங்க பாட்டி கதைய சொன்னா உங்களுக்கு உதவும்னு நினைக்கிறேன்.

இப்ப அகதி முகாம்னு எல்லாருக்கும் தெரியுற இந்த மண்டபம் கேம்ப், வெள்ளைக்காரன் காலத்துல இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு கூலிக்கு போறவங்கள அடைச்சு வச்சு நோய் இருக்கான்னு பாத்து அனுப்புன எடம். இங்க இருந்து தனுஷ்கோடி, அங்க கப்பல் ஏறி தலைமன்னார். எங்க பூட்டன் அப்புடி போனவரு. 1964-ல சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, போனவங்க பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் திருப்பி அனுப்புனப்ப எங்க பாட்டி அதே கடல தாண்டி இங்கயே வந்து எறங்குச்சு. கையில ஒரு தகரப்பெட்டி, வாயில பாட்டு.

அங்க மலையில தொழிற்சங்கம் கட்டுனவரு கோ. நடேசய்யரு, தஞ்சாவூர்ப் பக்கத்து ஆளு. தோட்டத்துக்குள்ள வெளியாளு நுழையக்கூடாதுன்னு துரைமாரு தடை போட்டப்ப துணி விக்கிறவரு மாதிரி வேஷம் போட்டு உள்ள போனாருன்னு சொல்லுவாங்க. அவரு சம்சாரம் மீனாட்சியம்மாள். அந்த அம்மாதான் கூட்டத்துல மொதல்ல பாடும். பாரதி பாட்ட மலைக்கு கொண்டு போனது, தானே பாட்டு கட்டி சின்னப் புத்தகமா போட்டது எல்லாம் அந்த அம்மா. பேச்சு அதுக்கப்புறம்தான். பொம்பளைங்க பாதிக்கு மேல வேல பாத்த எடம் அது, ஒரு பொம்பள மேடையேறி சம்பளத்தப் பத்தி பாடுனா லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்ல, இருந்து எறங்கி வராம இருப்பாங்களா?

பாட்டிக்கு எழுத்து தெரியாது. ஆனா கணக்கு தெரியும், எல்லாம் பாட்டுல வந்த கணக்கு. கொழுந்து எத்தன ராத்தல் குறைஞ்சா அரைப்பேரு போடுவான், அதாவது முழு நாளு வேல பாத்தும் பாதி நாள் சம்பளம், வேல வாங்குற கங்காணி சம்பளத்துல எதுக்கெதுக்கு புடிப்பான், கடையில அரிசி என்ன வெல, எல்லாம் அடி அடியா வரும். அழுகைப் பாட்டு மாதிரிதான் கேக்கும், உள்ள பாத்தா அது ஒரு கணக்கு நோட்டு. சங்கத்து ஆளு வந்து என்ன குறைன்னு கேட்டா அந்த பாட்ட பாடுனாலே மனு ரெடி.

உங்க தம்பி பாட்டுல தாகம் இருக்கு, வலி இருக்கு, ஆனா எத்தன நடை, எத்தன குடம், எத்தன மணி நேரம், வெலைக்கு வாங்குனா குடம் என்ன ரேட்டு, அது எதுவும் இல்ல. அத உள்ள வையுங்க. அப்புறம் பாம்பன்ல 2016-ல இருந்து கடல் ஓசை 90.4 ஓடுது, மீனவங்களுக்கான சமுதாய வானொலி. சாயல்குடி வரைக்கும் எடுக்குமோ என்னமோ, ஆனா அவங்ககிட்ட பேசிப் பாருங்க, பாட்டு நம்ம கரையில உள்ளவங்க காதுல மொதல்ல விழட்டும்.


வழக்காடி:

சட்டம் படிக்கிறேன், ராமநாதபுரம். சுருக்கமா ஒன்னு. பாட்டுக்கு சக்தி இல்லன்னா அரசாங்கம் எதுக்கு பாடுறவங்கள புடிக்குது? வெள்ளைக்காரன் 1876-லயே நாடகத்துக்கு தனியா சட்டம் போட்டான். நாடக மேடையில வெள்ளைக்காரன எதிர்த்து பாடுன விஸ்வநாததாஸ் எத்தனயோ தடவ ஜெயிலுக்கு போனவரு, 1940 டிசம்பர் 31 ராத்திரி முருகன் வேஷத்தோட மேடையிலயே உசுர விட்டாரு. தெலங்கானாவுல புரட்சிப் பாடகர் கத்தர், 1997-ல அவர சுட்டாங்க, முதுகுல இருந்த ஒரு குண்ட எடுக்க முடியாம அதோடயே 2023 வரைக்கும் வாழ்ந்து பாடுனாரு. இங்க 2015 அக்டோபர்ல திருச்சியில கோவன், டாஸ்மாக்க மூடச் சொல்லி பாடுனதுக்கு தேசத்துரோக வழக்கு. கைது பண்ணுன பிறகுதான் அந்த பாட்டு தமிழ்நாடு பூரா கேட்டுச்சு. அடுத்த வருஷம் 500 கடைய மூடுனாங்க, பாட்டால மட்டும்னு சொல்ல மாட்டேன், மதுவிலக்கு கேட்டு போராடுன சசிபெருமாள் சாவு, கடை முன்னாடி உக்காந்த பொம்பளைங்க எல்லாம் சேந்துதான்.

ராப் எழுதுற தம்பிக்கு முக்கியமா ஒன்னு. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஃபேக்டரி பாதரசக் கழிவு விஷயத்துல 2015 ஜூலையில சோஃபியா அஷ்ரஃப் ராப் போட்டாங்க, உலகம் பூரா பரவுச்சு. 2016 மார்ச்ல 591 பழைய தொழிலாளிங்களுக்கு கம்பெனி இழப்பீடு ஒப்பந்தம் போட்டுச்சு. பாட்டு வந்து எட்டு மாசம், உடனே ஜெயிச்சிருச்சுன்னு தோணும். ஆனா அந்த தொழிலாளிங்க ஃபேக்டரி மூடுன 2001-ல இருந்து சங்கமா சேந்து, உடம்பு ரிப்போர்ட் சேத்து, கோர்ட்டுக்கு நடந்து, தங்களோட வந்தவங்க செத்தத பாத்து பதினஞ்சு வருஷம் நின்னவங்க. ராப் வந்தப்ப சாய்ஞ்சுக்க அங்க ஒரு சுவரு இருந்துச்சு. உங்க மாமாவோட பத்து வருஷ மனுவெல்லாம் எங்க? காப்பி இருக்கா? அதுதான் உங்க சுவரு. அத எடுத்து தேதி வாரியா அடுக்குங்க.


அறிவொளி அக்கா:

கண்ணு, நான் ரிடையர்டு டீச்சர், தேவிபட்டினம் பக்கம். தொண்ணூறுகள்ல அறிவொளிங்கிற எழுத்தறிவு இயக்கத்துல ஊர் ஊரா பாட்டு பாடித் திரிஞ்சவ, அதனால இத நீளமாத்தான் எழுதுவேன்.

பக்கத்து ஜில்லா புதுக்கோட்டையில 1991 வாக்குல நடந்தத மொதல்ல சொல்றேன். எழுதப் படிக்க கத்துக்குடுக்க போன எடத்துல பொம்பளைங்க சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டாங்க. அதுக்கு ஒரு பாட்டு, முத்துபாஸ்கரன் எழுதுனது, சைக்கிள் ஓட்டக் கத்துக்கோ தங்கச்சின்னு அர்த்தம் வர்ற மாதிரி. அந்த பாட்டு வாய் வாயா போச்சு, கல்லுடைக்கிற பொம்பளைங்க, நாத்து நடுறவங்க, நர்ஸம்மா, சத்துணவு ஆயா, அத்தன பேரும் சைக்கிள்ல. ஆனா வெறும் பாட்டு இல்ல கேட்டியா, சைக்கிள் வாங்க லோன் ஏற்பாடு பண்ணுனாங்க, மைதானத்துல சாயங்காலம் கத்துக்குடுக்க ஆளு நின்னுச்சு. லேடீஸ் சைக்கிள் கெடைக்காம ஆம்பளை சைக்கிளையே வாங்குனாங்க, அதுல முன்னாடி பார்ல பிள்ளைய உக்கார வச்சுக்கலாம்னு அதுவே நல்லதுன்னு சொன்னவங்களும் உண்டு. ஊருல பேசாத பேச்சில்ல, பொம்பள சைக்கிள்ல போனா என்னென்னமோ சொன்னாங்க. அந்த பேச்சுக்கு பதில் சொல்ல ஒவ்வொருத்திக்கும் தனியா தைரியம் இருந்திருக்காது, அந்த எடத்துல பாட்டு பதில் சொல்லுச்சு. பாட்டு எங்க தேவைப்படுதுன்னா அங்கதான், வெக்கமும் பயமும் தொண்டைய அடைக்கிற எடத்துல.

எங்க ஜில்லாவுல நான் பாடுன கூட்டம் எல்லாம் ராத்திரி எட்டு மணிக்கு மேல. கடல்கரை ஊர்ல மீன் காய வச்சு எடுத்து, சோறு ஆக்கி, ஆம்பளைய கடலுக்கு அனுப்பிட்டு அப்புறம்தான் வருவாங்க. ஒரு தெருவிளக்கு கம்பத்துக்கு கீழ பாய் விரிச்சு உக்காருவோம். மொத பாட்டுக்கு சேலைத் தலைப்ப வாயில வச்சுக்கிட்டு தூரமா நிப்பாங்க. மூணாவது பாட்டுக்கு பக்கத்துல வந்துருவாங்க. அஞ்சாவது பாட்டு அவங்களே சொல்லுவாங்க, நாங்க ஒன்னு பாடுறோம்னு. அந்த நேரம்தான் கண்ணு நேரம். அப்ப நாங்க பாடுறத நிறுத்திட்டு நோட்ட எடுப்போம். பாட்டு முடிஞ்சு கைதட்டி எந்திரிச்சு மண்ணத் தட்டிட்டாங்கன்னா போச்சு, வீட்டுக்கு போனா புருஷன், பிள்ளை, மாமியார், அம்புட்டுத்தான். அந்த பத்து நிமிஷத்துக்குள்ள பேரு எழுதி வாங்கணும், அடுத்த கூட்டம் என்னைக்குன்னு முடிவு பண்ணணும். நான் எத்தனயோ ஊர்ல நல்லா பாடிட்டு நோட்டு எடுக்காம வந்திருக்கேன், அந்த ஊர்ல எல்லாம் இன்னைக்கு என் பாட்டும் இல்ல, வகுப்பும் இல்ல. இப்பவும் பஸ்ல அந்த ஊர தாண்டும்போது மனசு கிடந்து அடிக்கும்.

அமெரிக்காவுல 'வீ ஷல் ஓவர்கம்' பாட்ட எல்லாரும் மார்ட்டின் லூதர் கிங் காலத்துப் பாட்டுன்னு நினைக்கிறாங்க. அதுக்கு முன்னாடியே 1945, 46-ல சார்ல்ஸ்டன்ங்கிற ஊர்ல புகையிலைக் கம்பெனி ஸ்டிரைக்ல கறுப்பினப் பொம்பளைங்க மறியல் வரிசையில நின்னு பாடுனது அது. சர்ச்சுல பாடுன பழைய பாட்டோட வார்த்தைய தங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிட்டாங்க. அப்புறம் ஹைலேண்டர்னு ஒரு பள்ளிக்கூடம், தொழிற்சங்கத்து ஆளுங்களுக்கு பயிற்சி குடுக்குற எடம், அங்க போயி இன்னும் மாறி, மாணவங்க கைக்கு போயி, உலகம் பூரா வந்துச்சு. யாரு எழுதுனதுன்னு ஒருத்தர் பேரு சொல்ல முடியாது. வேலை செய்யுற கை எல்லாம் அத தொட்டு மாத்தியிருக்கு. அதனால உன் தம்பிகிட்ட சொல்லு, ஊர்ல யாராவது வரிய மாத்துனா என் பாட்டு கெட்டுப்போச்சுன்னு நினைக்க வேணாம்.

கிராம சபைக்கு வேலைய சொல்றேன். மார்ச் 22 உலக தண்ணீர் தினம், தண்ணி பத்தி பேச அத விட நல்ல நாள் இல்ல. தீர்மானத்த முன்னாடியே எழுதி வச்சுக்கங்க, ஒரே பக்கம். பாட்டு மூணு நிமிஷத்துக்கு மேல வேணாம். பாடி முடிச்ச ஒடனே உக்காராம, நின்ன நிலையிலயே தீர்மானத்த வாசிச்சு, தீர்மான நோட்டுல ஏத்தச் சொல்லுங்க, ஏத்துன பிறகு சத்தமா வாசிச்சு காட்டச் சொல்லுங்க, அப்புறம் கையெழுத்து. நோட்டுல எழுதாத தீர்மானம் காத்துல போன மாதிரி. வடக்குத்தெரு தம்பி கேட்டத விட்டுறாத கண்ணு, அதுதான் எல்லாத்தையும் விட கஷ்டம், ஆனா அத விட்டுட்டு பாடுனா காலனியில இருந்து ஒரு கையெழுத்து விழாது.


கரைவலை:

டீச்சரம்மா சொன்னது சரி. நான் மொதல்ல எழுதுனதுல கொஞ்சம் கடுமையா எழுதிட்டேன், அதனால ஒன்னு சேத்துச் சொல்றேன். நாகூர் ஹனீபா நம்ம ராமநாதபுரத்துல பொறந்தவருதான். அண்ணா வர்றதுக்கு முன்னாடி கூட்டத்த உக்கார வச்சது அந்த தொண்டை. எங்க அய்யா அரிக்கேன் வெளக்கோட எத்தனயோ மைலு நடந்து போயி கேட்டவரு, கேட்டுட்டு வந்து விடிய விடிய பேசுவாரு. 1967-ல ஆட்சி மாறுச்சு. அதுல அந்த பாட்டுக்கு பங்கு இல்லன்னு நான் சொல்ல மாட்டேன், அய்யா மாதிரி படிக்காதவருக்கு அரசியல் காது வழியாத்தான் போச்சு. ஆனா ஆட்சி மாறுன பிறகும் எங்க ஆத்தா குடத்த எறக்கி வைக்கல, அந்த கோபம் எனக்கு இன்னும் இருக்கு. பாட்ட கட்சிக்கு குடுத்துட்டு நாம வெறுங்கையா நின்னுட்டோம். இந்த தடவ பாட்டு உங்க கையிலயே இருக்கட்டும் பாப்பா, எந்த மேடைக்கும் குடுக்காதீக. எலெக்சன் நேரம், கேட்டு வருவாக.


உப்புக்காத்து:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஒரு வாரமா பதில் போடல, ஏன்னா நெறைய நடந்துருச்சு.

வடக்குத்தெரு அண்ணன் கேட்டது நெசம். ஊத்துல நாங்க மோந்து முடிச்ச பிறகுதான் காலனி வண்டி. சண்டையில்ல, யாரும் தடுக்குறதில்ல, அவங்களே கொஞ்ச தூரத்துல நின்னுக்குவாங்க, நான் பொறந்ததுல இருந்து பாத்தது, அத ஒரு விஷயமாவே நான் பாத்ததில்ல, எழுதவே கூச்சமா இருக்கு. தம்பியும் நானும் அங்க போனோம். என்கூட பத்தாவது வரைக்கும் படிச்ச பொண்ணு இருக்கா, அவகிட்டதான் மொதல்ல பேசுனேன். பறை பத்தி கேக்கல. பாட்ட போட்டு காட்டுனோம், கேட்டுட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தா, அப்புறம் அவளே சொன்னா, இதுல எங்க வண்டி வரலையேன்னு. இப்ப மூணாவது சரணம் அவ எழுதுனது. அதுல கலங்குன தண்ணி வருது, கடைசியா மோக்குறவங்களுக்கு சிரட்டையில மண்ணும் சேந்துதான் வரும், அத எடுத்துட்டுப் போயி துணியில வடிகட்டி குடிக்கிறது. நாங்க ரெண்டு வருஷம் பாடுனாலும் அந்த வரி எங்களுக்கு வந்திருக்காது. வீட்ல அத்தைக்கு அந்த சரணம் புடிக்கல, இது தேவையான்னு கேட்டுச்சு. அம்மா ஒன்னும் சொல்லல. மறுநாள் ஊத்துல அம்மா ரெண்டு குடம் நெறைஞ்ச ஒடனே எந்திரிச்சு, தூரத்துல நின்ன அக்காவ வான்னு கூப்பிட்டு சிரட்டைய கையில குடுத்துச்சு. அன்னைக்கு வீட்டுக்கு லேட்டு, அத்தை பேசல. இன்னும் சரியா பேசல.

அப்புறம் கணக்கு எடுத்தோம். தேயிலைப்பூ அக்கா சொன்ன மாதிரி ஒரு வாரம் நோட்டு போட்டு எழுதுனோம், எங்க தெருவுல பதினாலு வண்டி, காலனியில ஒம்போது வண்டி. எங்க அம்மாவுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு நடை, வீட்டுக்கு வந்து எறக்கி வைக்க மொத்தம் அஞ்சே கால் மணி நேரம். மாமா மனு காப்பி எல்லாம் பரண்ல ஒரு சாக்குப்பையில இருந்துச்சு, பாதி செல்லரிச்சு போச்சு, மீதிய வழக்காடி அண்ணன் சொன்னபடி தேதி வாரியா அடுக்கிட்டோம். அடுக்குனது மாமாதான், அவரு கையெழுத்து அவருக்குதான் புரியுது. இப்ப சாயங்காலம் பாட்டு பழகுற எடத்துக்கு வந்து திண்ணையில உக்காந்துக்கிறாரு.

பாட்டு மாறிருச்சு. தம்பி போட்ட வேகத்துல பொம்பளைகளால பாட முடியல. ஒரு சித்தி சொன்னாங்க, எட்டு குடத்தையும் நெறச்சு மணல்ல தள்ளும்போது எனக்கு ரெண்டு வார்த்தைக்கு மேல மூச்சு வராதுடா, நீ மூச்சு விடாம இருவது வார்த்த சொல்றன்னு. மொதல்ல தம்பிக்கு சங்கடமா இருந்துச்சு, அப்புறம் மறுநாள் காலையில அவனே ஒரு வண்டிய நெறச்சு தள்ளிக்கிட்டு பாடிப் பாத்தான், பாதி வழியில நின்னுட்டான். இப்ப போற பாதி காலிக்குடம் சத்தத்துக்கு வேகமா போகுது, அதுல கணக்கு எல்லாம் வருது. வர்ற பாதி ரெண்டு ரெண்டு வார்த்ததான், நடுவுல மூச்சு. ஒருத்தர் ரெண்டு வார்த்த சொல்ல மத்தவங்க மூச்ச இழுத்துட்டு வாங்குறாங்க. கரைவலை அய்யா, நீங்க சொன்ன அம்பா இப்புடித்தான் இருந்திருக்குமோன்னு அப்பாகிட்ட கேட்டேன். அப்பா அவரு தாத்தா பாடுன ஒரு அடிய முணுமுணுத்தாரு, முழுசா வரல. அய்யா உங்களுக்கு தெரிஞ்ச அடி ஏதாவது இருந்தா ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க, இழுக்குற எடம் எங்க வரும்னு தம்பிக்கு கேக்கணும்.

தீர்மானம் ஒரு பக்கத்துல எழுதியாச்சு. 22-ந் தேதி காலையில ஊத்துல இருந்து நேரா வண்டிய தள்ளிக்கிட்டே கிராம சபை நடக்குற எடத்துக்கு போறதா பேசியிருக்கோம், இருவத்தி மூணு வண்டியும், குடம் நெறைஞ்சு.